மின்தேக்கி: சொல்லும் சோதனையும்

பழைய வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ரேடியோவைப் பழுது பார்ப்பவர் வாயில் ‘கண்டென்சர்’ என்ற சொல்தான் வரும். மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் அந்த உறுப்பைப் பள்ளிப் பாடநூல் ‘மின்தேக்கி’ என்கிறது. இலங்கைப் பாடநூல்களில் அது ‘கொள்ளளவி’. மூன்றும் ஒரே உறுப்பின் பெயர்கள்தாம் என்றாலும், ஒவ்வொன்றும் அதன் வெவ்வேறு குணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

1745-46இல் ஜெர்மானியரான க்ளைஸ்ட்டும், லைடன் நகரில் முஸ்ஸென்ப்ரூக்கும் தனித்தனியே கண்ணாடிக் குடுவையில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்க முடியும் என்று கண்டார்கள். அதுதான் லைடன் ஜாடி. 1782இல் இத்தாலியரான வோல்டா, மிக மெல்லிய மின்னூட்டத்தைச் செறிவாக்கிக் கண்ணுக்குக் காட்டும் தம் கருவிக்குக் ‘கண்டென்சடோரே’ என்று பெயரிட்டார். ‘செறிவாக்கி’ என்பது பொருள். அதன் வழியே வந்தது கண்டென்சர். ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கருவிக்கும் அதே பெயர் இருப்பது குழப்பம்தான். இருபதாம் நூற்றாண்டில் ‘கெப்பாசிட்டர்’ மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. கொள்ளும் திறனைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. அதற்கு நேர் தமிழ் கொள்ளளவி.

மின்தேக்கியின் பிறப்பு வேறு. தேங்கு என்பது தன்வினை, தேக்கு என்பது பிறவினை. தேக்குவது தேக்கி, கடத்துவது கடத்தி, மாற்றுவது மாற்றி என்பவற்றோடு சேர்ந்த வாய்பாடு. நீர்த்தேக்கத்தை அறிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். எனக்கு இச்சொல்தான் பிடிக்கும். காரணம் ஒலியழகு அல்ல. பழைய உறுப்பைச் சோதிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை இது சொல்லிவிடுகிறது. எவ்வளவு கொள்ளும் என்பது முதல் கேள்வி அன்று. கசியாமல் நிற்கிறதா என்பதே முதல் கேள்வி.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மெழுகு பூசிய பழைய காகித மின்தேக்கியைக் கொள்ளளவு காட்டும் மீட்டரில் வைத்தால், குறித்த அளவையே காட்டலாம்; சில நேரம் கூடுதலாகவும் காட்டும். அந்தக் கூடுதல் நலத்தின் அடையாளம் அன்று. காகிதம் ஈரத்தை உறிஞ்சி மின்னோட்டத்தைக் கசியவிடுவதால் எளிய மீட்டர்கள் தவறாகக் கணக்கிடுகின்றன. ஓம் அளவீட்டிலும் உண்மை தெரியாது. மீட்டர் தருவது சில வோல்ட். ரேடியோவுக்குள் அதே உறுப்பின் மேல் நிற்பது நூறு வோல்ட்டுக்கு மேல்.

ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கடைசி வால்வுக்கு முன்னால் இருக்கும் மின்தேக்கிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. முன் வால்வின் நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலியலையை மட்டும் கடத்துவது அதன் வேலை. (‘தேக்கி’ என்ற சொல் இந்த வேலையைச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.) இதைச் சோதிக்க, ரேடியோவை அணைத்து, கடைசி வால்வின் கிரிட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) பக்கத்துக் காலைப் பற்றவைப்பிலிருந்து விடுவித்து, அந்தக் காலுக்கும் சேஸிஸ் என்ற உலோகச் சட்டத்துக்கும் நடுவே டிஜிட்டல் மீட்டரை வோல்ட்டில் வைத்து, மறுபடி இயக்கிப் பார்க்கலாம். நல்ல உறுப்பானால் மீட்டரின் அளவு ஒரு கணம் ஏறி, பிறகு இறங்கிச் சுழியத்தை நெருங்கி நிற்கும். மறுபக்கம் 100 வோல்ட் இருக்க, 10 மெகாஓம் உள்தடை கொண்ட மீட்டர் 33 வோல்ட் காட்டினால், கசிவுத் தடை வெறும் 20 மெகாஓம். வாசிப்பதற்குப் பெரிய தடையாகத் தோன்றும். ஆனால் 470 கிலோஓம் தடையோடு இணைந்த கிரிட்டில் அது 2.3 வோல்ட்டை ஏற்றிவிடும். கிரிட் கத்தோடை (எலெக்ட்ரான்களை உமிழும் முனை) விட ஏறக்குறைய 7 வோல்ட் தாழ்ந்திருக்க வேண்டிய இ.எல்.84 என்ற வகை வால்வுக்கு அது பெரிய அடி. வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் கருகக்கூடும். இந்த இடத்தில் பழைய காகித வகையைச் சோதிக்காமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுவதே முறை.

மைக்கா, பீங்கான் வகைகள் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். எலெக்ட்ரோலிட்டிக் வகையில் அலுமினியத்தின் மேல் படிந்த ஆக்சைடு படலமே தடுப்பு. நெடுநாள் சும்மா கிடந்தால் அது நலிந்துவிடும். முழு மின்னழுத்தத்தைத் திடீரென்று கொடுக்காமல், தொடரில் ஒரு மின்தடை வைத்து மெல்ல ஏற்றினால் சில மீளும், சில மீளாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி ரேடியோவில் சேஸிஸிலேயே மின்சாரம் இருக்கும். அனுபவம் இல்லாதவர் அதைத் தொட வேண்டாம். எந்த ரேடியோவானாலும் அணைத்த பின்பும் பெரிய மின்தேக்கியில் தேங்கிய மின்சாரம் ஆளை அடிக்கும். மின்தடை ஒன்றின் வழியே அதை வடித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

மாற்றும்போது உடம்பில் எழுதியிருப்பதைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். ஃபாரட் என்பது கொள்ளளவின் அலகு. எம்.எஃப்.டி. என்றிருந்தால் மைக்ரோஃபாரட், எம்.எம்.எஃப். என்றிருந்தால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான பிகோஃபாரட். பிரிட்டிஷ் கடற்படை ஒரு காலத்தில் ‘ஜார்’ என்ற அலகை வைத்திருந்தது. லைடன் ஜாடியின் நினைவான அது 1,100 பிகோஃபாரடுக்குச் சற்று மேல். போருக்கு முந்தைய ஜெர்மன் ரேடியோக்களில் செ.மீ. என்றே அச்சிட்டிருப்பார்கள். அது நீள அளவு அன்று, 1 செ.மீ. என்பது 1.11 பிகோஃபாரட். ஆகவே 5,000 செ.மீ. என்றிருந்தால், இன்று கடையில் கிடைக்கும் 5,600 பிகோஃபாரட் அதற்குப் பொருந்தும்.