சும்மா இருக்கத் தெரியாத சிப்

"புது வெர்ஷன் போட்டதிலிருந்து லேப்டாப் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது, மடியில் வைக்க முடியவில்லை. உள்ளே ஒரு திருகைக்கூட யாரும் தொடவில்லை. வெறும் மென்பொருள் எப்படி சார் ஒரு பொருளைச் சுடவைக்கும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப்பில் புது இயங்குதளம் ஏற்றியவர்கள் இப்போது நிறையப் பேர். அவருடைய கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

லேப்டாப்பின் மூளையான ப்ராசசர் சிப்புக்குள் போகிற மின்சாரம் அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். இது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அப்படியானால் சூடு கூடியதற்கு இரண்டே வழி. வெப்பம் வெளியேறும் பாதை அடைபட்டிருக்கலாம், அல்லது சிப் முன்பைவிட அதிகம் மின்சாரம் தின்னலாம். பாதையை அடைப்பது தூசியும், சிப்பின் சூட்டை வெளியே கடத்துவதற்காகப் பூசிய, இப்போது காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும். அவை அப்கிரேடு போட்ட நாளாகப் பார்த்து வந்து உட்காருவதில்லை. ஆகவே நாம் பார்க்க வேண்டியது தீனியை.

இங்கே ஒரு பழைய கதை. 'வேலை இல்லை, நில்' என்று ப்ராசசரிடம் சொல்வதற்கு 'ஹால்ட்' என்ற கட்டளை ஆரம்ப காலத்திலிருந்தே உண்டு. 1994-இல் வந்த இன்டெல் டிஎக்ஸ்4 சிப்பிலிருந்து, அந்தக் கட்டளையைக் கேட்டால் மின்சாரமும் குறையத் தொடங்கியது. ஆனால் விண்டோஸ் 95 அதைச் சொல்லவே இல்லை. வேலை இல்லாத நேரத்தில் 'வேலை இருக்கிறதா, இருக்கிறதா' என்று ப்ராசசரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டது. அதே கணினியில் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தையோ, விண்டோஸின் இன்னொரு வகையான விண்டோஸ் என்டியையோ போட்டால் சிப் குளிர்ந்தது. வெறுத்துப்போனவர்கள் 'ரெயின்' போன்ற குட்டி மென்பொருள்களை நிறுவிக்கொண்டார்கள். அவை செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: சும்மா இருக்கும்போது ஹால்ட் சொல்வது. மழை என்று பெயர் வைத்தவருக்கு ரசனை இருந்திருக்கிறது!

ஆக, ப்ராசசருக்குத் தானாகத் தூங்கத் தெரியாது, இயங்குதளம்தான் தூங்கவைக்க வேண்டும். இன்றைக்கும் இதைக் கண்ணால் பார்க்கலாம். லேப்டாப்பை ஆன் செய்து, இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே வருகிற பயாஸ் என்ற அமைப்புத் திரையில் சும்மா விட்டுவையுங்கள். அங்கே தாலாட்ட ஆள் இல்லாததால், ஒன்றுமே செய்யாத அந்தத் திரையில் பெரும்பாலும் சிப் டெஸ்க்டாப்பில் இருப்பதைவிடச் சூடாகவே இருக்கும்.

இப்போதைய சிப்களின் தூக்கத்தில் படிகள் இருக்கின்றன. முதல் படி வெறும் கண்ணயர்தல், கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். 'சி6' என்கிற ஆழமான படியில், ஒரு கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில் ஒன்று) தன் கையில் இருந்த கணக்கையெல்லாம் ஓரமாக எழுதிவைத்துவிட்டு மின்சாரத்தையே துண்டித்துக்கொள்ளும். கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கி ஏறுவதற்கு நேரமும் மின்சாரமும் செலவாகும். கொஞ்ச நேரமாவது தூங்கவிட்டால்தான் அது கட்டுப்படியாகும்.

மதிய நேரத்து அண்ணாச்சி கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறைதான் ஆள் வரும் என்றால் ஷட்டரை இறக்கிவிட்டு, லைட், ஃபேன் எல்லாம் அணைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போகலாம். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பொடியன் ஒரு ரூபாய் மிட்டாய்க்கு வந்து நின்றால்? மொத்த வியாபாரம் நூறு ரூபாயைத் தாண்டாது, ஆனால் மதியம் முழுக்க லைட்டும் ஃபேனும் ஓடும். சிப்பின் கதையும் இதுதான். எவ்வளவு வேலை என்பதைவிட எத்தனை முறை எழுப்புகிறார்கள் என்பதுதான் பல சமயம் சூட்டைத் தீர்மானிக்கிறது. விண்டோஸ் வழக்கமாக நொடிக்கு 64 முறை கடிகாரம் பார்க்கும். ஏதோ ஒரு மென்பொருள் கேட்டுக்கொண்டால் அது 1000 முறை ஆகிவிடலாம். லினக்ஸில் இந்தத் தேவையற்ற எழுப்பல்களை நிறுத்தும் ஏற்பாடு 2007-இல் வந்தது. யார் யார் எழுப்புகிறார்கள் என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும் 'பவர்டாப்' என்ற கருவியை இன்டெல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். எந்த மென்பொருள் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று விண்டோஸ் காட்டும் டாஸ்க் மேனேஜரில் 'சிபியு 4%', அதாவது ப்ராசசருக்கு நூற்றில் நாலு பங்கு வேலை, என்று பார்த்துவிட்டு 'வேலையே இல்லையே' என்று நாம் குழம்புவது, அண்ணாச்சியின் கல்லாவை மட்டும் எண்ணிவிட்டுக் கரண்ட் பில்லைக் கணக்குப் போடுவது மாதிரி.

இதோடு வேகமும் சேர்ந்தால் இன்னும் மோசம். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு வர்க்கமாகவும் ஏறும். 1.5 கிகாஹெர்ட்ஸுக்கு 0.7 வோல்ட் போதுமான ஒரு சிப் 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு 1.2 வோல்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் மூன்று மடங்கு, மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. அப்கிரேடில் பவர் அமைப்பு 'அதிக வேகம்' என்று மாறியிருந்தால் உடனே சமநிலைக்குத் திருப்புங்கள் என்பது அதனால்தான்.

மற்றவை சட்டென்று சொல்லிவிடக் கூடியவை. புது இயங்குதளம் உங்கள் கோப்புகளையெல்லாம் தேடலுக்காக மறுபடி அட்டவணை போடும். சார்ஜரோடு ஒரு நாள், இரண்டு நாள் விட்டால் அது அடங்கிவிடும். திரைக்கான சிப் பகுதியை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் சரியாக ஏறாவிட்டால், வீடியோவைப் பிரிக்கிற தனிச் சுற்று சும்மா கிடக்க, அந்த வேலையையும் பாவம் ப்ராசசரே இழுக்கும். லேப்டாப் செய்தவர்களின் தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டி, கால் மணி நேரம் சும்மா விடுங்கள். அதில் குளிர்ந்தால் தகராறு பெரும்பாலும் மென்பொருளில். அதிலும் கொதித்தால் தூசியைச் சந்தேகிக்கலாம்.

'ஒரே க்ளிக்கில் குளிர்விக்கும்' ஆப்களை மட்டும் தொடாதீர்கள். ரெயினுக்கு ஒரு காலம் இருந்தது, அந்த வேலையை இப்போது இயங்குதளமே செய்கிறது. இந்த ஆப்கள் மூலையில் வெப்பமானிப் படம் காட்டுவதற்காகச் சிப்பை எழுப்பிக்கொண்டே இருக்கும். வாசலில் கட்டும் எலுமிச்சையும் மிளகாயுமாவது மின்சாரம் கேட்பதில்லை.

போன மாதம் அக்கா மகன் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். மிக்ஸி மாதிரி இரைச்சல். "மாமா, இதை வித்துட்டுப் புதுசு வாங்கிடலாமா?" என்று கேட்டான், அதற்காகவே வந்தவன் போல. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வரி தோன்றும், மறையும், மறுபடி தோன்றும், குளத்தில் மீன் குஞ்சு தலைகாட்டுகிற மாதிரி. பிரிண்டரோடு வந்த ஒரு குட்டி மென்பொருள் அது. புது இயங்குதளத்தோடு ஒத்துப்போகாமல் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. மை எவ்வளவு மிச்சம் என்று பிரிண்டரைக் கேட்பதுதான் அதன் வேலை. அதை நீக்கிய கொஞ்ச நேரத்தில் ஃபேன் அடங்கியது.

அந்தப் பிரிண்டரைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது.