தண்டுவட நீர்ப் பட்டைகள்: ரத்தமும் சேர்ந்து போக வேண்டும்

உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) நோய் சந்தேகத்தில் கீழ்முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுக்கும்போது, முக்கியமாகத் தேடுவது ஆலிகோகுளோனல் பட்டைகளை, அதாவது ஜெல்லில் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும் ஆன்டிபாடிகளை. இந்தப் பரிசோதனை வீணாவதற்கு ஒரு முக்கியக் காரணம்: நீரை மட்டும் அனுப்பிவிட்டு ரத்தத்தை மறந்துவிடுவது.

ரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்டுவட நீரில் கசிந்துகொண்டே இருக்கும். நீரில் தெரியும் பட்டை மூளைக்குள் உற்பத்தியானதா, வெளியிலிருந்து வந்ததா? ஒரே வேளையில் எடுத்த இரண்டு மாதிரிகளையும் அருகருகே ஜெல்லில் ஓட்டினால்தான் சொல்ல முடியும். நீரைவிட ரத்தத்தில் ஐஜிஜி சில நூறு மடங்கு அதிகம். அதனால் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த திரவப் பகுதியை) நீர்க்கச் செய்து, இரு பக்கமும் ஐஜிஜி அளவைச் சமமாக்கிய பிறகே ஐசோஎலக்ட்ரிக் ஃபோகசிங் (புரதங்களை மின்சாரத்தால் நுட்பமாகப் பிரிக்கும் முறை) செய்ய வேண்டும். இந்தக் கணக்கு பிசகினால் இருக்கிற பட்டையும் மங்கிப்போகும். சாதாரண எலக்ட்ரோபோரெசிஸ் இதற்குப் போதாது.

நீரில் மட்டும் 2 அல்லது அதற்கு மேற்பட்ட பட்டைகள் இருந்தால் பொதுவாகப் பாசிட்டிவ். இரண்டிலும் ஒரே வரிசை என்றால், ஆன்டிபாடி உடலின் வேறு பகுதியிலிருந்து வந்தது. ஒற்றைப் பட்டை குழப்பமானது. சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது.

பாசிட்டிவ் என்றதும் நோயை உறுதிசெய்துவிடக் கூடாது. நியூரோசிஃபிலிஸ் (நரம்பு மண்டலத்தைத் தாக்கும் சிஃபிலிஸ்), எச்ஐவி, தட்டம்மைக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் எஸ்எஸ்பிஇ என்ற மூளை நோய் ஆகியவற்றிலும் பட்டைகள் வரும். தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 50-ஐத் தாண்டினால் வேறு நோயைத் தேடுங்கள். எம்எஸ்ஸைக் கண்டறியும் 2017 மெக்டொனால்ட் அளவுகோலில் பட்டைகளுக்கு இருந்த இடமும் சிறியதே: நோய் வெவ்வேறு காலத்தில் தாக்கியதற்கான சான்றுக்குப் பதிலாக அவற்றை ஏற்கலாம் என்றது அது. வெவ்வேறு இடங்களில் பாதிப்பு இருப்பதை எம்ஆர்ஐயோ நரம்புப் பரிசோதனையோதான் காட்ட வேண்டியிருந்தது.

எம்எஸ் போலவே தோன்றும் வேறு நோய்களைக் காட்டும் அக்வாபோரின்-4, மாக் (எம்ஓஜி) ஆன்டிபாடிகளை முதலில் ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். நீரில் மட்டும் தேடி 'நெகட்டிவ்' என்று எழுதிய ரிப்போர்ட்டை நம்பி, நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா (பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து. எம்எஸ்ஸுக்குத் தரும் சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும்.

பட்டையைக் கண்ணால் எண்ணும் சிரமத்தைக் கப்பா ஃப்ரீ லைட் செயின் (ஆன்டிபாடியின் ஒரு சிறு துண்டு) இண்டெக்ஸ் குறைக்கிறது. இது எண்ணாகவே வரும். பல ஆய்வகங்கள் 6.1-ஐ எல்லையாகக் கொள்கின்றன. இதற்கும் சீரம் வேண்டும்; இரு மாதிரிகளிலும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவும் வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகும் பட்டைகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி ஊசி குத்தத் தேவையில்லை.