அழிவபாய நிலை: சொல் விளக்கம்

ஓர் உயிரினம் இயற்கையில் அற்றுப்போகும் எல்லையை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதைக் குறிக்கும் துறைச்சொல்லாகக் ‘காப்பு நிலை’ வழங்கிவருகிறது. ‘கன்சர்வேஷன் ஸ்டேட்டஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு அது. ‘கா’ என்னும் வினையடியில் பிறந்த காப்பு, காவலையும், கொடை விழாவில் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிற்றையும் குறிப்பதால், அந்த உயிரினம் ஏற்கெனவே காக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தையே தருகிறது. ‘பாதுகாப்பு நிலை’ என்பது குழப்பத்தை மேலும் கூட்டும். அளக்கப்படுவது அபாயமே ஆகையால் ‘அழிவபாய நிலை’ என்பதே தகும். வடசொல் வேண்டாதார் ‘அழிவிடர் நிலை’ எனலாம்.

1948இல் தோன்றிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் உயிரினங்களின் அழிவபாய நிலையைத் தொகுத்துக் காட்டும் ‘செம்பட்டியல்’ என்னும் பட்டியலை 1964இல் தொடங்கியது. எண்ணிக்கைச் சரிவு, பரவியுள்ள நிலப்பரப்பு முதலிய அளவைகளைக் கொண்டு அது இனங்களை வகைப்படுத்துகிறது.

குமரி மாவட்டத்தில் அறிமுகமான இரண்டு உயிர்கள் இச்சொல்லைத் தெளிவாக்கும். பட்டையைக் கீறினால் குருதிபோல் செம்பிசின் கசிவதால் உதிரவேங்கை எனப்படும் வேங்கை, செம்பட்டியலில் ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’, அதாவது அழிவபாய வகைகளுள் இன்னும் சேராவிட்டாலும் அவற்றை நெருங்கிவிட்ட இனம். மரத்துக்காகவும் மருந்துக்காகவும் அளவின்றி வெட்டப்பட்டதே இதற்குக் காரணம். வன்மையான நெற்றுக்குள் இருக்கும் விதை எளிதில் முளைப்பதுமில்லை.

மார்த்தாண்டம் பகுதியில் பெட்டிகளில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீயின் கதை வேறு. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் பருவத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்திலுள்ள சுரப்பிகளிலிருந்து இத்தேனீ மதுவை எடுக்கிறது. இங்குள்ள தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதன்று. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்னும் வைரஸ் நோய் பரவி, தேனீயின் இளம்புழுக்கள் நீர்ப்பைபோல் வீங்கிச் செத்ததால், தென்னிந்தியாவில் பெரும்பாலான பெட்டிகள் வெறுமையாயின. தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியே தொழில் மீண்டது. ஆசியாவெங்கும் பரவியுள்ள ஓர் இனத்துக்கு ஒரு வட்டாரத்தில் நேரும் இத்தகைய பேரிழப்பை உலகளாவிய வகைப்பாடு காட்டாது. அன்றியும், தேனீயினங்களில் மிகப் பெரும்பாலானவை ‘மதிப்பிடப்படாதவை’. இதனைக் ‘கவலை குறைந்த இனம்’ என்பதோடு ஒன்றாகக் கொள்வது பிழை. பின்னது ஆய்ந்து கண்ட முடிவு, முன்னது ஆய்வே நிகழாத நிலை.