துண்டு கட்டினால் போதுமா?

போன மே மாதம், காட்பாடிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் ஒரு பையன் படிக்கட்டுக்கு கிரானைட் அறுத்துக்கொண்டிருந்தான். இமை முடியெல்லாம் வெள்ளை. வாயைச் சுற்றி ஒரு துண்டு.

"மாஸ்க் எங்கே தம்பி?"

"துண்டு கட்டிக்கினுதானே சார் அறுக்கிறேன்?"

சைட்டில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் எனக்கு இந்தப் பதில் மனப்பாடம். வேலையை நிறுத்தச் சொல்லி, சன்னல் திறப்புகளைத் தார்ப்பாயால் மூடினேன். டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மேலே வந்து டார்ச் அடித்தேன். பக்கவாட்டில் நின்று பார்த்தவன், "இன்னும் அடங்கலையா சார்?" என்றான். வெளிச்சத்துக்குள் புகைபோலத் தூசி மிதந்துகொண்டிருந்தது.

இமையில் ஒட்டியதும் தரையில் விழுந்ததும் பெரிய தூசி. ஆளைச் சாய்ப்பது 10 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான தூசி. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். துண்டின் இழைச் சந்து இந்தத் தூசிக்கு ராஜபாட்டை. கல்லிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கா என்ற தாது, தூசியாக நுரையீரலின் அடி வரை போய்த் தங்கி அங்கே தழும்பை உண்டாக்கும். சுருங்கி விரிய வேண்டிய நுரையீரல் இறுகிப்போகும். சிலிக்கோசிஸ் என்கிற இந்த நோயைத் திருப்ப மருந்து கிடையாது. நோய் வெளியே தெரிய பெரும்பாலும் 10 வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தூசி கடுமையாக இருந்தால் 5 வருஷத்துக்குள்ளேயே வரும். டி.பி.யும் சுலபமாகத் தொற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே சிலிக்கா தூசியைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது.

நம் ஊரே பாறை ஊர். பாலாற்று மணல் போய் எம்-சாண்ட் வந்தது. அதுவும் உடைத்த பாறைதான். கிரானைட்டில் நூற்றுக்கு 30 பங்கு வரை சிலிக்கா இருக்கலாம். மார்பிளில் மிகக் குறைவு. இப்போது சமையல் மேடைக்கு எல்லாரும் கேட்கிற செயற்கை குவார்ட்ஸ் பலகையில் நூற்றுக்கு 90-ஐத் தாண்டும். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அதைத் தடையே செய்துவிட்டது.

அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த சிலிக்கா தூசி அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபதாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது! தண்ணீர் விடாமல் கல் அறுக்கிற இடத்தில் இது எப்போதோ தாண்டியிருக்கும்.

அதனால் மாஸ்க்குக்கு முன்னால் நான் கேட்பது தண்ணீர். பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே தண்ணீர் விழுந்தால் தூசி சேறாகிக் கீழே இறங்கிவிடும். சித்தாளை பாட்டிலால் ஊற்றச் சொல்லிச் சமாளிக்கிறார்கள். அது ஆபத்து. சாதாரண கிரைண்டரும் ஒட்டுப்போட்ட ஒயரும் ஈரத்தில் ஷாக் அடிக்கும். தண்ணீர்க் குழாயோடு வரும் கட்டர் வாங்குங்கள், மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. போடுங்கள். தண்ணீர் விட முடியாத, சுவரில் காடி வெட்டும் வேலைக்கு, தூசியை உறிஞ்சும் மூடி மாட்டிய கட்டர் இருக்கிறது. மேஸ்திரிகள் விலையைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், சரி, வாடகைக்காவது விசாரியுங்கள்.

இதற்கெல்லாம் அப்புறம்தான் என்95 மாஸ்க். வேலூர் வெயிலில் அதைப் போடச் சொல்ல எனக்கே சங்கடம். ஆனால் ஒற்றைப் பட்டியில் தொங்கவிட்டாலும், தாடிக்கு மேல் போட்டாலும் காற்று பக்கவாட்டில் நுழைந்துவிடும், போட்டும் பிரயோசனமில்லை. வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதுகிற பழக்கத்தை விடுங்கள். அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கவும் வேண்டாம்.

இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால், என்ன வேலை என்று கேட்கும்போது நம் ஆட்கள் "கூலி வேலை" என்று முடித்துவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் பல சமயம் டி.பி. மாதிரியே தெரியும். "ஆறு வருஷமா கல் அறுக்கிறேன், தண்ணி விடாமதான் அறுப்போம்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.