பழைய ராணுவ வண்டிகளின் ஆயில் ஃபில்டர்: மரை பொருந்தினால் மட்டும் போதாது

சில மாதங்களுக்கு முன் இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் ஒன்று என் பணிமனைக்கு வந்தது. என்ஜினைப் பிரித்து பேரிங் மாற்றிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் அதன் உரிமையாளர் வந்திருந்தார். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் பிரஷர் சரியாக நின்றது. நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் ஓடும்போது கேஜின் முள் ஏறக்குறைய பூஜ்யத்துக்கே இறங்கிவிட்டது. அண்மையில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். ஆயில் ஃபில்டர், அதன் இரண்டு குழாய்கள், குழாய் முனையிலிருந்த பித்தளை எல்போ (வளைவு இணைப்பு) ஆகியவற்றைப் புதிதாகப் போட்டதாகச் சொன்னார். நல்ல வேளையாகப் பழைய எல்போவை அவர் தூக்கி எறிந்திருக்கவில்லை. அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது உள்ளே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை மட்டுமே இருந்தது. புதிய எல்போவிலோ ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு வழி திறந்து கிடந்தது. பழையதைச் சுத்தம் செய்து மாட்டியதும் பிரஷர் திரும்பி வந்தது. பேரிங்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சிறு துளையின் வேலையைப் புரிந்துகொண்டால் பழைய ராணுவ வண்டிகளின் ஃபில்டர் விஷயத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்றைய கார்களில் இருப்பது ஃபுல் ஃப்ளோ முறை: பம்ப் தள்ளும் ஆயில் முழுவதும் ஃபில்டரைக் கடந்த பிறகே பேரிங்குகளுக்குப் போகிறது. 1941 முதல் 1945 வரை தயாரான வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளிலும், அந்தக் காலத்து ஜிஎம்சி சிசிகேடபிள்யூ லாரிகளிலும் இருப்பது பைபாஸ் முறை. இதில் ஆயில் நேராக பேரிங்குகளுக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு சிறு பங்கு மட்டும், தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு, தனிக் குழாய் வழியே ஃபில்டருக்குப் போய், சுத்தமாகி, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு அழுத்தமின்றித் திரும்புகிறது. அந்தச் சிறு பங்கு பெரும் பங்காகிவிடாமல் காப்பதுதான் துளையின் பணி. அது ஃபில்டரின் நடுக்குழாயிலோ குழாய் இணைப்பிலோ ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அது இல்லாவிட்டால் பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் சுலபமான வழியில் சம்ப்புக்கே ஓடிவிடும்.

ஆகவே ஃபில்டர் வாங்கப் புறப்படும் முன், என்ஜினிலிருந்து வெளியே வரும் ஆயில் குழாயை விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். மெல்லிய குழாய் ஒன்று ஃபில்டருக்குள் போய், இன்னொன்று என்ஜினின் முன்பக்க மூடியான டைமிங் கவருக்கோ சம்ப்புக்கோ திரும்பினால் அது பைபாஸ். ஃபில்டர் என்ஜின் பிளாக்கிலேயே நேரடியாகப் பொருந்தியிருந்தாலோ, தடித்த குழாய்கள் பிளாக்கிலிருந்து கிளம்பி பிளாக்குக்கே திரும்பினாலோ அது பெரும்பாலும் ஃபுல் ஃப்ளோ. ஐந்து நிமிட வேலை. கடையில் பாகத்தின் படத்தை மட்டும் காட்டி வாங்குகிறவர்கள் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டையும் மாற்றிப் போட்டால் வரும் கேடு ஒரே மாதிரியானதல்ல. பைபாஸ் வழியில் ஃபுல் ஃப்ளோ எலிமெண்டை (ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டும் உருளையை) போட்டால், துளை இருக்கும்வரை என்ஜினுக்கு ஆபத்து இல்லை. எலிமெண்ட் சற்றுக் கரடானது என்பதால் நுண்ணிய தூசு பிடிபடாமல் ஆயிலிலேயே தங்கிவிடும், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறானதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பைபாஸ் எலிமெண்ட் மிக நெருக்கமாகப் பின்னப்பட்டது. முழு ஆயிலையும் கடத்தும் திறன் அதற்கு இல்லை. அதை ஃபுல் ஃப்ளோ ஃபில்டரின் குடுவைக்குள் திணித்தால் ஒன்று பாதுகாப்பு வால்வு திறந்து அழுக்கு ஆயில் அப்படியே பேரிங்குக்குப் போகும், அல்லது வால்வு இல்லாத அமைப்பில் பேரிங் ஆயிலின்றித் தவிக்கும். இந்த வேறுபாட்டை எச்சரிக்கும் வரி எதுவும் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்காது.

அடாப்டர் வைத்து, குடுவையோடு சேர்த்தே திருகிக் கழற்றும் ஸ்பின்-ஆன் ஃபில்டருக்கு மாற்றும் பழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. எனக்கு இதில் கொள்கை எதிர்ப்பு ஏதுமில்லை. கண்காட்சிக்குப் போகாமல் சாலையில் ஓடும் வண்டிக்கு அது வசதிதான். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது மரை. முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்குப் பதினாறு மரையும் கொண்ட ஸ்டட் (ஃபில்டர் திருகி ஏறும் தண்டு) 19.05 மில்லிமீட்டர்தான்; எம்20, அதாவது 20 மில்லிமீட்டர், மரை ஃபில்டர் அதன்மேல் தளர்வாகச் சுற்றி ஏறிவிடும், கேஸ்கெட் அழுந்துவதால் இறுகியது போலவும் தோன்றும். குளிர்ந்த என்ஜினில் பிரஷர் எகிறும் ஒரு காலையில் அது பிடி நழுவிவிடும். இரண்டாவது, ஆயில் போகும் திசை. ஸ்பின்-ஆன் ஃபில்டரில் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியே ஆயில் நுழைந்து நடுத்துளை வழியே வெளியேற வேண்டும். குழாய்களை மாற்றி இணைத்தால், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் உள் ரப்பர் வால்வே வழியை அடைத்துவிடும்.

ராணுவக் கிடங்குகளிலிருந்து வந்த, பல பத்தாண்டுகளாகப் பிரிக்கப்படாத பெட்டிகளைப் பலர் பொக்கிஷமாகக் கருதுகிறார்கள். அலமாரியில் வைத்துப் பார்க்க அவை அழகானவை. என்ஜினில் நான் அவற்றைப் போடுவதில்லை. காகிதம் மக்கியிருக்கும், பசை விட்டிருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். அந்தப் பெட்டிகளால் கிடைக்கும் உண்மையான பயன் அவற்றின் எண்தான். 1974-க்குப் பிந்தைய நேட்டோ ராணுவ இருப்பு எண் பதின்மூன்று இலக்கம் கொண்டது. முதல் நான்கு இலக்கம் 2940 என்றிருந்தால் அது என்ஜினின் காற்று, ஆயில் ஃபில்டர் வகையைச் சேர்ந்த பாகம். ஐந்தாம், ஆறாம் இலக்கங்கள் நாட்டைச் சொல்லும்: 00, 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி. அதற்கு முந்தைய அமெரிக்க எண்ணில் நாட்டைக் குறிக்கும் இந்த இரண்டு இலக்கம் இருக்காது, பதினோரு இலக்கம்தான். எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு இணையாக இன்று தயாராகும் எலிமெண்டை உயரம், உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் அளந்து வாங்குவதே சரி.

குடுவை வகை ஃபில்டரை மாற்றும்போது ஆயில் ஒழுகினால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய சீல் வளையம். லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகளிலும், எம்35 லாரியின் மல்டிஃபியூயல் என்ஜினில் அடுத்தடுத்துத் தொங்கும் இரண்டு குடுவைகளிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன். பழைய வளையம் தலைப்பகுதியின் பள்ளத்துக்குள் கறுத்து, இறுகி, உலோகத்தோடு உலோகமாகக் காட்சியளிக்கும். அதை இல்லை என்று நினைத்து மேலேயே புதியதை வைத்துவிடுவார்கள். கூர்மையான ஊசியால் ஓரிடத்தில் நெம்பி எடுத்து, பள்ளத்தைத் துணியால் துடைத்து, நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகே புதிய வளையத்தை ஆயில் தடவி வையுங்கள். குடுவையின் அடியில் தங்கும் களிம்பையும் வழித்தெடுக்க வேண்டும். எலிமெண்டின் கீழே உள்ள ஸ்பிரிங்கும் வாஷரும் அந்தக் களிம்போடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுவது உண்டு. அவை இல்லாவிட்டால் எலிமெண்ட் மேலே அழுந்தாமல், ஆயில் அதைச் சுற்றிக்கொண்டே போய்விடும்.

மாட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் என்ஜினில் இக்னிஷனைத் துண்டித்து, டீசலில் எரிபொருளை நிறுத்தி, கேஜின் முள் அசையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றவிடுங்கள். பிறகு ஓடவிட்டு, நிறுத்தி, டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஆயிலை நிரப்புங்கள். வில்லிஸ் ஜீப்பில் ஃபில்டர் மட்டுமே ஏறக்குறைய ஒரு குவார்ட், அதாவது 0.95 லிட்டர், எடுத்துக்கொள்ளும்.

பைபாஸ் ஃபில்டருக்கு நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு குடுவையின் மேல் கவனமாகக் கை வையுங்கள். அதுவும் சூடாக இருந்தால் ஆயில் உள்ளே ஓடுகிறது. என்ஜின் கொதிக்கும்போது குடுவை மட்டும் குளிர்ந்திருந்தால் துளையோ எலிமெண்டோ அடைத்துக் கிடக்கிறது. கேஜ் இதைக் காட்டாது, ஏனெனில் பேரிங்குக்குப் போகும் ஆயில் தடைபடவில்லை. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் கிலோமீட்டர் கணக்கை நம்பாமல் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்வதும் இதனால்தான்: நின்றுகொண்டே இருக்கும் என்ஜினில் ஈரமும் அமிலமும் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

கழற்றிய எலிமெண்டைப் பிரித்து, மடிப்புகளை ஒரு வெள்ளைத் துணியின்மேல் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு; ஒட்டாத வெள்ளி நிறச் செதில் பெரும்பாலும் பேரிங்கின் வெள்ளை உலோகம்; செம்பு நிறம் தெரிந்தால் தேய்மானம் அதற்கும் கீழே போய்விட்டது என்று பொருள். அப்படியே ஃபில்டரின் ரப்பர் குழாய்களையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்புக் கோடு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள், ஏனெனில் ஓடும்போது உள்வரும் குழாய் வெடித்தால் பம்ப் சம்ப்பிலுள்ள ஆயிலைச் சாலையில் கொட்டிவிடும். புதிய குழாய் போடும்போது பழைய இணைப்புகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளை எதில் இருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.