104 ரன் அதிகம் அடிச்சும் பிளேஆஃப் போகாத டீம்

2023 சீசன் ஆரம்பிக்கும்போது அமெரிக்க பேஸ்பால் டீம் சான் டியேகோ பாட்ரெஸ் மேல இருந்த ஹைப் கொஞ்சநஞ்சம் இல்ல. முந்தின வருஷம்தான் 111 மேட்ச் ஜெயிச்ச டாட்ஜர்ஸையே பிளேஆஃப்ல வீட்டுக்கு அனுப்பிருந்தாங்க, ஸ்டார் பேட்டர்கள் ஹுவான் சோட்டோ, மேனி மச்சாடோ ரெண்டு பேரும் ஏற்கனவே டீம்ல, போதாததுக்கு இன்னொரு ஸ்டார் ஸாண்டர் போகார்ட்ஸை 11 வருஷத்துக்கு 28 கோடி டாலர்னு இழுத்துட்டு வந்தாங்க. அந்த வருஷ சம்பள பில் மட்டும் 25 கோடி டாலரை ஒட்டி, லீக்லயே மூணாவது பெரிய பில். கடைசில 82 வெற்றி, 80 தோல்வி, பிளேஆஃப் கிடையாது.

சரி, மோசமா ஆடிருப்பாங்கன்னு நினைச்சா அதுவும் இல்ல. சீசன் முழுக்க அடிச்சது 752 ரன், குடுத்தது 648. பில் ஜேம்ஸ்னு ஒருத்தர் இதுக்கு ஒரு ஃபார்முலா வச்சிருக்கார்: அடிச்ச ரன்னோட வர்க்கத்தை, அடிச்சது குடுத்தது ரெண்டோட வர்க்கத்தையும் கூட்டி வர்றதால வகுக்கணும். வடிவம் பித்தாகரஸ் தேற்றம் மாதிரி இருக்கறதால பேரும் அதேதான். போட்டுப் பாருங்க, 0.574 வரும், சீசனோட 162 மேட்சுக்குப் பெருக்கினா 93 வெற்றி. அப்ப மீதி 11 வெற்றி எங்க போச்சு?

ஒரு ரன் வித்தியாசத்துல முடிஞ்ச மேட்ச்ல போச்சு. அந்த மாதிரி 32 மேட்ச்ல ஜெயிச்சது வெறும் 9. ஒன்பது இன்னிங்ஸ்ல ஸ்கோர் சமமாகி எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் போன மேட்ச் இன்னும் கொடுமை, வரிசையா 12 தோல்வி, சீசன் முடியப்போற நேரத்துலதான் ரெண்டு ஜெயிச்சாங்க.

இது எப்படி நடக்குதுன்னா, பேஸ்பால்ல எத்தனை ஹிட்டுங்கறதை விட எந்த வரிசைல வருதுங்கறது முக்கியம். சிங்கிள்னா அடிச்சவர் முதல் பேஸ் வரைக்கும் போறது, ஹோம் ரன்னா அடிச்சவரும் ஏற்கனவே பேஸ்ல நிக்கறவங்களும் மொத்தமா ரன் எடுக்கறது. ஒரு இன்னிங்ஸ்ல சிங்கிள், சிங்கிள், ஹோம் ரன்னு வந்தா 3 ரன். அதே மூணு ஹிட் ஹோம் ரன், சிங்கிள், சிங்கிள்னு வந்து அடுத்தவங்க அவுட் ஆனா 1 ரன்தான். அதே மாதிரி ஒரு நாள் 12-1னு நொறுக்கிட்டு மறுநாள் 3-2ல தோத்தா ரன் கணக்குல பத்து ரன் மிச்சம், பாயிண்ட் டேபிள்ல ஒண்ணுக்கு ஒண்ணு (நெட் ரன் ரேட் சூப்பரா வச்சுக்கிட்டு வெளிய போற ஐபிஎல் டீம் ரசிகர்களுக்கு இந்த வலி தெரியும்).

டீம்ல தில்லு இல்ல, நெருக்கடில நடுங்கறாங்கன்னு அப்ப நிறைய பேர் பேசினாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. கடைசி இன்னிங்ஸ் போட வந்த ஜாஷ் ஹேடரோட ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் சராசரியா குடுக்கற ரன், கம்மியா இருந்தா நல்லது) 1.28, மேட்சை ஆரம்பிச்சு வைக்கற பிட்சர் பிளேக் ஸ்னெல் 2.25 வச்சு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதே வாங்கினார், இவங்களா நடுங்கினாங்க? காசு சுண்டிப் பாத்தாலே 32 தடவைல 9 இல்ல அதுக்கும் கம்மியா தலை விழ வாய்ப்பு நூத்துல ஒண்ணு. கம்மி மாதிரி தெரியும், ஆனா லீக்ல 30 டீம் இருக்கு, அப்ப மூணு நாலு வருஷத்துக்கு ஒருதடவை யாரோ ஒரு டீம் தலைல இது விழுந்தே தீரும்.

இதுக்கு நேர் எதிரா அதே வருஷம் மயாமி மார்லின்ஸ். அடிச்சதை விட 57 ரன் அதிகமா குடுத்தவங்க, ஒரு ரன் மேட்ச்ல 33-14, மொத்தம் 84 வெற்றி, பிளேஆஃப் போயிட்டாங்க. பாட்ரெஸை விட ரெண்டே ரெண்டு வெற்றிதான் அதிகம்.

அடுத்த சீசனுக்கு முன்னாடியே சோட்டோவை யாங்கீஸ் டீமுக்கு ட்ரேட் பண்ணியாச்சு, ஸ்னெல், ஹேடர் ரெண்டு பேரும் கிளம்பியாச்சு, சம்பள பில்லும் நல்லா குறைச்சாச்சு. 2024ல ஜெயிச்சது 93. அப்புறம் பிளேஆஃப்ல டாட்ஜர்ஸ்கிட்ட 2-1னு லீட்ல இருந்துட்டு, கடைசி 24 இன்னிங்ஸ்ல ஒரு ரன்கூட அடிக்காம 3-2னு தோத்தாங்க, அது வேற விஷயம்.