குடகுல மழை இல்லன்னா தஞ்சாவூர் ரைஸ் மில் எப்போ உஷாராகணும்?

2023 ஏப்ரல்ல இந்திய வானிலை துறை தென்மேற்கு பருவமழை சராசரில 96 சதவீதம் இருக்கும்னு சொன்னாங்க, கடைசில பெஞ்சது 94. நல்ல கணிப்புதான். ஆனா அந்த ஆகஸ்ட் இருக்கே, 1901ல இருந்து வச்சிருக்குற ரெக்கார்டுலயே அவ்ளோ வறண்ட ஆகஸ்ட் கிடையாது, நாடு முழுக்க 36 சதவீதம் கம்மி. ஜூன் 12 தொறந்த மேட்டூர, வழக்கமா ஜனவரி 28 வரைக்கும் தண்ணி விடவேண்டியத, அக்டோபர் 10லயே மூட வேண்டியதா போச்சு. ஆக சீசன் மொத்த நம்பர வச்சுக்கிட்டு நெல் வாங்குறவங்களோ அரைக்கிறவங்களோ ஒண்ணும் பண்ண முடியாது, எந்த வாரம், எந்த ஏரியா, அப்போ பயிருக்கு என்ன வயசு, இதான் வேணும்.

முதல்ல டேம் கணக்கு. மேட்டூர் 120 அடி ரொம்பினா 93.47 டிஎம்சி, ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. ஒரு நாள் பூரா செகண்டுக்கு சுமார் 11,600 கன அடி வீதம் தொறந்து விட்டா ஒரு டிஎம்சி காலி, அதாவது வரத்து இல்லன்னா ஃபுல் டேமே மூணு மாசம்தான் தாங்கும். மிச்சம் குடகு, வயநாடு மழைல கர்நாடகாவோட கேஆர்எஸ், கபினி அணைங்க ரொம்பி, எல்லைல தண்ணி அளக்குற பிலிகுண்டுலு வழியா வரணும். 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி கர்நாடகா நமக்கு விடவேண்டியது வருஷத்துக்கு 177.25 டிஎம்சி, அதுல ஆகஸ்ட் பங்கு மட்டும் 45.95. அதனால கம்ப்யூட்டர் மாடல ஆரம்ப நிலைய லேசா மாத்தி மாத்தி பல தடவ ஓட்டி, ஒவ்வொரு தடவையும் வர்ற மழைய டேம் கணக்குக்குள்ள விட்டு, எத்தன தடவ செப்டம்பர்ல தண்ணி பத்தாம போகுதுன்னு எண்ணுறாங்க. நூத்துல முப்பது தடவன்னா 30 சதவீத வாய்ப்பு.

அடுத்தது வயல். இலைல இருக்குற சின்ன சின்ன துளைங்க வழியாதான் பயிர் தண்ணிய ஆவியா விடுது, தண்ணி பத்தலன்னா துளைய மூடிக்கும், வேர்வை நின்ன உடம்பு மாதிரி இலை சூடாகும். 2018ல இருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துல இருக்குற நாசாவோட எக்கோஸ்ட்ரெஸ் கருவி இந்த சூட்டத்தான் அளக்குது, இலை வாடுறது நம்ம கண்ணுக்கு தெரியுறதுக்கு முன்னாடியே படத்துல தெரிஞ்சிடும். மேகம் இருந்தா பாக்க முடியாது, ஆனா வறட்சில பொதுவா மேகம் கம்மிதான். அதே சூடு நடவு முடிஞ்சு கொஞ்ச நாள்ல வந்தா பயிர் ஓரளவு தேறிடும், பூக்குற நேரத்துல வந்தா மணி பிடிக்காம பதராயிடும். அதனால நட்ட தேதி தெரியாம படத்த மட்டும் வச்சு டன் கணக்கு சொல்றவங்கள நான் நம்ப மாட்டேன்.

இப்ப மில்லுக்கு வருவோம். டெல்டால நெல் கொறையும்னு தெரிஞ்சா வெளில வாங்கணும், கர்நாடகாவுல இருக்குற மண்டியா மாவட்டத்துல வாங்கிக்கலாம்னு தோணும், ஆனா அங்க பாயுறதும் அதே காவிரி, குடகு பொய்ச்சா ரெண்டு பக்கமும் அடி. வேற ஆத்துப் பாசனத்துல ஆள் பிடிச்சு வைக்கணும், அதுவும் விலை ஏறுறதுக்குள்ள. 2023ல ஆகஸ்ட் பொறக்கறதுக்கு முன்னாடியே, ஜூலை 20ல, பாஸ்மதி இல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிய மத்திய அரசு தடை பண்ணிடுச்சு, சந்தை அப்பவே மாறிடுச்சு.

சரி, 30 சதவீத வாய்ப்புன்னா அட்வான்ஸ் போடலாமா வேணாமா? சும்மா ஒரு கணக்குக்கு, வேற ஊர்ல நெல் பேசி வைக்க ஒரு லட்சம் செலவு, பேசி வைக்காம விட்டு மில் நின்னா அஞ்சு லட்சம் நஷ்டம்னு வைங்க, ஒண்ண அஞ்சால வகுத்தா 20 சதவீதம், வாய்ப்பு அதுக்கு மேல போனா பேசி வச்சிடணும். லாரிக்காரருக்கு, சாக்கு வாங்குறவருக்கு, விதைக் கடைக்கு எல்லாம் இந்த சதவீத எல்லை வேற வேற, தேதியும் வேற. 2024ல மேட்டூர் ஜூலை 28தான் தொறந்தாங்க, அந்த மாதிரி வருஷத்துல 150 நாளுக்கு மேல போற சிஆர் 1009 விதைய அடுக்குறதா, இல்ல கொஞ்சம் கம்மி நாள் ரகத்துக்கு மாறுறதான்னு விதைக் கடைக்காரர் மழை வர்றதுக்கு முன்னாடியே ஆர்டர் போட்டாகணும், மில்லுக்காரர் விலை ஏறாத வரைக்கும் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாம்.